தங்காத மண்ணில் ஒரு முருங்கை

மலேசியத் தமிழருக்குத் 'தோட்டம்' என்றால் ரப்பர் தோட்டம்தான். செடி கொடி வளர்க்கிற இடத்துக்கு எங்கள் வீட்டில் 'கொல்லை' என்று பெயர். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நான் முதன்முதலாக யோசித்தது துபாயில்.

2022இல் வேலைக்காக அங்கே போனேன். பழைய வில்லா ஒன்றைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்பக்கம், மதிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் எட்டடிக்கு நாலடி மண். அதில் ஒரு முருங்கை, நான்கைந்து வெண்டைச்செடி, பெயின்ட் வாளியில் புதினா. எல்லாம் இராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் வளர்த்தது. வளைகுடாவில் பதினெட்டு வருடமாக இருப்பவர். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குழாய் வைத்து வாளியில் பிடிப்பார். ஆகஸ்டில், காற்றில் ஈரம் கனத்து நிற்கிற இரவுகளில், விடிவதற்குள் வாளி நிறைந்து வழியும்.

"விசா ரெண்டு வருஷம்தான். எதுக்குண்ணே மரம் வைக்கிறீங்க? கீரை போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தம்பி, கீரைக்கு மட்டும் விசா கேக்க மாட்டானா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்குச் சொந்தமில்லாத, தான் தங்கப்போகாத மண்ணில், அந்த மண் தராத தண்ணீரை ஊற்றி ஒருவன் தோட்டம் போடுவது சரியா? ஊர் திரும்பி இத்தனை நாள் ஆகியும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் தண்ணீர். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. துபாயில் சராசரி 100 மில்லிமீட்டர்கூட இல்லை. குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். அதற்கு எரிபொருள் எரிகிறது. மிச்சமாகும் உப்புக் கரைசல் திரும்பக் கடலுக்கே போகிறது. அப்படிப் பார்த்தால் அங்கே ஒரு கிலோ வெண்டைக்காய் விளைவிப்பதைவிடக் கடையில் வாங்குவதே யோக்கியமான காரியம்.

'ஏசித் தண்ணீர் எப்படியும் வீணாகிறதுதானே' என்று நான் அண்ணனுக்காக வாதாடிப் பார்த்தேன். பாதிதான் எடுபட்டது. அந்தத் தண்ணீரும் மின்சாரம் எரித்துக் கிடைப்பதுதான். தவிர, பாலைவனத்துத் தோட்டக்காரனின் நாட்காட்டி தலைகீழானது. விதைப்பது அக்டோபரில். மார்ச் வரைதான் காய்கறி. ஜூன், ஜூலையில் 45 பாகை வெயிலில் தக்காளியின் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். ஏசி நிறையச் சொட்டுகிற மாதங்களில் காய்கறி நிற்காது. காய்கறி வளர்கிற மாதங்களில் ஏசி ஓடாது. அதனால் குளிர்காலத்தில் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், போதாததற்குக் குழாய்த் தண்ணீர். கை சுத்தம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் ஒன்று உறுத்தியது. எங்கள் தெருமுனை வில்லாவில் டென்னிஸ் மைதானம் அளவுக்குப் புல்தரை இருந்தது. அதில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் பீய்ச்சியது. அந்த வீட்டுக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பெயின்ட் வாளியில் புதினா வைத்திருப்பவரிடம்தான் கேட்டேன். அறக்கேள்விகளைக்கூட நாம் நமக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் கேட்டுப் பழகியிருக்கிறோமோ?

சரி, பாலைவனத்தில் தோட்டமே கூடாது என்று சொல்லிவிடலாமா? ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் என்னை அல் ஐனுக்குக் கூட்டிப்போனார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரீச்சை மரங்கள் நிற்கிற சோலை. பேரீச்சை நிழல் தருகிறது. அந்த நிழலில் எலுமிச்சையும் மாவும். அதற்கும் கீழே தீவனப்புல். மேலே இருப்பது கீழே இருப்பதை வெயிலிலிருந்து காக்கிற அடுக்கு. தண்ணீர் 'ஃபலஜ்' என்கிற வாய்க்காலில் வருகிறது. மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி, சரிவின் போக்கிலேயே ஓடவிட்டுக் கொண்டுவரும் முறை. அந்தப் பகுதியில் இரும்புக் காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ 3,000 வருடங்களுக்கு முன்பே, இது இருந்திருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ அல் ஐன் சோலைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பக்கத்து நாடான ஓமானில் ஏறக்குறைய 3,000 ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. பல இடங்களில் தண்ணீரை அளப்பது நேரத்தால். இவருக்கு இவ்வளவு நேரம், அவருக்கு அவ்வளவு நேரம். பகலில் நிழலைப் பார்ப்பார்கள், இரவில் நட்சத்திரத்தை. வாய்க்கால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் குடிக்க, பிறகுதான் வயலுக்கு. எனக்குப் பட்டது இதுதான்: அங்கே தோட்டம் பாவமாக இல்லை, பேராசையாகவும் இல்லை. தண்ணீர் எத்தனை, ஆள் எத்தனை, யாருக்கு முதலில் என்று ஊரே கூடிக் கணக்குப் போட்டபிறகு மிஞ்சியதில் வளர்ந்த தோட்டம் அது. தோட்டம் நியாயமா என்பதைவிட, அந்தக் கணக்கில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள் என்பதே முந்தைய கேள்வி.

திரும்பி வருகிற வழியில் சாலையோரம் ஒரு மரத்தைக் காட்டி அண்ணன் கேட்டார். "இது என்ன மரம், தெரியுதா?"

"ஙாஃப். இந்த நாட்டு மரம்." அமீரகம் அதை 2008இல் தேசிய மரமாக அறிவித்தது என்று எங்கோ படித்திருந்தேன்.

"நம்ம வன்னி மரம் தம்பி. கோயில்ல சுத்தி வருவோமே, அதேதான்." கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்றைக் காட்டினார். "அதுவும் நமக்குத் தெரிஞ்சவன்தான். சீமைக் கருவேலம். எங்க ஊரையே தின்னவன், இங்கயும் வந்துட்டான்."

இரண்டும் நெருங்கிய உறவுள்ள மரங்கள். வன்னி ஆழத்தில் வேர்விட்டு, இருக்கிற தண்ணீரில் மெதுவாக வளர்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலத்தைப் பாலைவனத்தைப் பசுமையாக்க வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்து நட்டார்கள். அது போட்ட இடத்தில் நிற்கவில்லை, மற்றவற்றை நெருக்கிக்கொண்டு பரவியது. நல்ல எண்ணம் மட்டும் தோட்டக்காரனுக்குப் போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் அந்தந்த மண்ணின் மரங்களை மட்டும் நடுவதே அறமா? சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு மலேசியத் தமிழன் இதை வாய் கூசாமல் சொல்ல முடியாது. நான்கு தலைமுறையாக இங்கே பிறந்து செத்தும் 'பெண்டாத்தாங்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மண்ணுக்கு உரியது, வந்தேறியது என்று மரங்களைப் பிரிக்கிற அதே கத்தி ஒருநாள் மனிதர் பக்கமும் திரும்பும். அண்ணனின் முருங்கையும் வெளியூர்தான். எங்கிருந்து வந்தது என்பதில் குற்றம் இல்லை. வந்த இடத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பதை வாழ விடுகிறதா என்பதை வைத்துத்தான் எதையும் எடைபோட முடியும்.

இனி எனக்கு வலிக்கிற இடம். என் பாட்டி பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு கொல்லை இருந்தது. முருங்கை, பயற்றங்காய், கத்திரி, மரவள்ளி. தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கொல்லைக்கு ஒரு காசு தரவில்லை. நிலம் கம்பெனியுடையது, பயிர் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்களாம். புல்டோசர் முதலில் ஏறியது கத்திரிப் பாத்தியில் என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரொம்ப நாள் நான் அந்தக் கொல்லையைப் பாட்டியின் வீரமாக நினைத்திருந்தேன். கல்லூரிக் காலத்தில் அது மாறியது. கொல்லையில் கீரை இருந்தால் கூலி குறைவாக இருந்தாலும் வயிறு ஓரளவு நிறையும். துரைக்கு அது எவ்வளவு வசதி! பாட்டி நட்ட ஒவ்வொரு செடியும் கம்பெனிக்குக் கொடுத்த சலுகை. அண்ணனின் முருங்கையைப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலின் வேர் இங்கேதான் இருந்தது. எட்டு பேர் படுக்கிற அறையைத் தாங்கிக்கொள்ள அந்த எட்டடி மண் உதவுகிறது என்றால், அது யாருக்கு உதவுகிறது?

இதை ஓர் இரவு அவரிடமே சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் முருங்கை வைக்கலன்னா அவன் எனக்குச் சம்பளம் கூட்டித் தருவானா?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கொல்லை அநியாயத்தைத் தாங்கிக்கொள்ள வைக்கிறது, உண்மை. கொல்லை இல்லாவிட்டால் அநியாயம் மட்டும்தான் இருக்கும், அதுவும் உண்மை. தவறு இவற்றில் எதையும் நட்டவர் தலையில் கட்டுவது. பாட்டிக்கு நிலத்தில் உரிமை கொடுத்திருக்க வேண்டும். அவர் நன்றாகக் கத்திரி வளர்த்தார் என்பதற்காக இல்லை. ஒரு புல்கூட நடாமல் இருந்திருந்தாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு. உழைத்துக் காட்டித்தான் ஓரிடத்தில் இருக்கும் தகுதியைச் சம்பாதிக்க வேண்டும் என்று நாமே நம்பிவிட்டோமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

2024 தொடக்கத்தில் அண்ணனின் விசாவைப் புதுப்பிக்கவில்லை. பதினைந்து நாளில் கிளம்பினார். வாளியை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பயம். தினமும் காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று ஊற்றினேன். மூன்றே வாரத்தில் வெண்டை இலைகளின் ஓரம் கருகியது. மண்மேல் வெள்ளையாகப் படர்ந்தது. போனில் படம் அனுப்பினேன்.

"உப்பு தம்பி. தினம் கொஞ்சம் கொஞ்சமா நனைச்சா தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு மேல நின்னுடும். வேரும் கீழ போகாது. நாலு நாள் சும்மா விடு. ஊத்துற அன்னைக்கு அடிவரைக்கும் இறங்குற மாதிரி ஊத்து. மேல காஞ்ச எலையப் போட்டு மூடு."

வெண்டை பிழைக்கவில்லை. முருங்கை பிழைத்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், என் கட்டிலுக்கு நேபாளத்துப் பையன் ஒருவன் வந்தான். அவனுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவன் மொழி தெரியாது. பின்பக்கம் கூட்டிப்போய், தண்டின் அடியில் ஊற்றக்கூடாது, இலை நிழல் விழுகிற விளிம்பில் வட்டமாக ஊற்ற வேண்டும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். நான்கு விரலை நீட்டி, நான்கு நாளுக்கு ஒருமுறை என்றேன். தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தான்.