நகம் மாட்டுதா?

மகன் முதல் கார் வாங்கியபோது, பணம் கட்டி முடித்த மேசையிலேயே இன்னொரு தாளை நீட்டினார்கள். செராமிக் கோட்டிங் 18,000 ரூபாய். அது வேண்டாமென்றால் டெஃப்லான் 4,500. அந்த விற்பனை இளைஞர் பண்பாகத்தான் பேசினார். "வெயில்ல நிறம் மங்கிடும் சார். பறவை எச்சம் பெயின்ட்டையே அரிச்சிடும். முதல் கீறல் விழுறப்போ மனசு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க." மகன் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் ஒரு கார் ஆலையின் பெயின்ட் ஷாப்பில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம், நயினார் வீடு.

பெயின்ட் ஷாப்காரன் சொல்ல வேண்டியது எளிது. தகடு வந்ததும் கழுவி, பாஸ்பேட் ஏற்றி, மின்பூச்சுத் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்போம். உள்மடிப்பு, துளை, கண்ணுக்கு எட்டாத மூலை எல்லாவற்றிலும் அந்தப் பூச்சு ஏறும். பிறகு 170, 180 டிகிரி அடுப்பில் வேகும். துருவைத் தடுப்பது அதுதான்; அதற்கான காசு வண்டி விலையிலேயே அடங்கிவிட்டது. அதன்மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50, தலைமுடியைவிட மெல்லிசு.

செராமிக் என்று மேலே தேய்ப்பது சிலிக்கா கலந்த திரவம். காய்ந்தபின் ஓரிரு மைக்ரான் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு சுலபமாகப் போகும். அதில் பொய்யில்லை. ஆனால் லாரி டயர் தெறிக்கும் ஜல்லியை ஓரிரு மைக்ரான் என்ன செய்துவிடும்? டெஃப்லான் கதை இன்னும் பரிதாபம். அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது பிடித்து நிற்பது அந்தச் சூட்டையும் தாண்டி வாட்டுவதால். காரை அப்படி வாட்டினால் பெயின்ட் கருகிவிடும். ஆகவே காரில் பூசுவது கொஞ்ச மாதம் தாங்கும் பாலிஷ், அவ்வளவே. கல்லடியைத் தாங்குவது பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் படலம். அது 150, 200 மைக்ரான், பெயின்ட்டைவிடத் தடிமன். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு அரை லட்சத்தைத் தாண்டும். நீட்டிய தாளின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது: கீறல், கல் தெறிப்பு பொறுப்பில் சேராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் உத்தரவாதம் இல்லை.

வேண்டாம் என்று எழுந்துவிட்டோம். கணக்கு அங்கேயே தீர்ந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில் மகன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அது பெருசா ஒண்ணும் செய்யாதுன்னு எனக்கும் தெரியும்பா. பயமில்லாம ஓட்டணும்னுதான்."

இல்லறத்தாருக்கு எங்கள் சமயம் வைத்த ஐந்து அணுவிரதங்களில் கடைசி, மிகுபொருள் விரும்பாமை. சின்ன வயதில் அதை எண்ணிக்கை என்றே நினைத்திருந்தேன்: இத்தனை காணி, இத்தனை பவுன், அதற்குமேல் வேண்டாம். மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயிலில் ஒரு பெரியவர்தான் திருத்தினார். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்துக்கு, அதாவது மிகுபொருளுக்கு, மூர்ச்சை என்று பொருள் சொல்கிறது என்றார். மூர்ச்சை என்றால் மயக்கம். ஒரே ஒரு கார் வைத்திருப்பவன் அதில் விழப்போகும் கீறலை நினைத்துப் புரண்டு படுத்தால், அவனிடம் மிகுபொருள் சேர்ந்துவிட்டது.

அந்த மேசையில் நடந்ததும் இதுதான். இன்னும் விழாத கீறலை முதலில் மகன் மனத்தில் போட்டார்கள். பிறகு அதற்கு மருந்து விற்றார்கள். உணவு, மருந்து, கல்வி, அபயம் என்ற நான்கு தானங்களில் அபயமே பெரிது என்பாள் என் அம்மா. பழைய கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஒரு சொல் வரும். என்ன அழகான சொல்! அச்சத்தை ஊட்டிக் காசு வாங்குவது அதற்கு நேர் எதிர். அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை, மாத இலக்கு என்று அவருக்கும் ஓர் அச்சம் இருந்திருக்கும். செயல் தவறுதான்.

"பற்று வேண்டாம்னா வண்டியைக் கழுவுறது மட்டும் எதுக்கு?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆலையில் டியூப்லைட் வரிசைக்கு அடியில் நின்று, கதவைத் தடவித் தடவி ஒரு தூசு மணியைத் தேடியவை என் கண்ணும் விரல்களும். அந்தக் கண் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால், வாங்க என்று கும்பிடுகிறவர் முகத்துக்கு முன்னால் கதவில் வார்னிஷ் வழிந்திருப்பது தெரிகிறது. மயக்கம் என்றால் எனக்கு அதுதான். கழுவுவதில் அது இல்லை. எச்சம் விழுந்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடை, காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்காதே, முடிந்தவரை நிழலில் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் போன் செய்தான். அவன் தெருவில் ஒரு பையன் சைக்கிளோடு காரின்மேல் சாய்ந்து, பின்கதவில் நீளமாக ஒரு கோடு.

"நகத்தால தடவிப் பார்த்தியா? மாட்டுதா?" என்றேன். நகம் மாட்டாவிட்டால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றது, தேய்த்து எடுத்துவிடலாம்.

"இன்னும் பார்க்கலப்பா. முட்டியெல்லாம் சிராய்ச்சு ரத்தம், திட்டுவேன்னு பயந்து அழறான். கார்ல ஏத்தி அவங்க வீட்ல விட்டுட்டு இப்பதான் வர்றேன்."