வெட்சூட்டும் சாதனையின் உரிமையும்

வெட்சூட் என்பது குளிர்ந்த நீரில் இறங்குவோர் உடலோடு ஒட்டி அணியும் நியோப்ரீன் ரப்பர் உடை. 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்போரை மனத்தில் வைத்து இதை உருவாக்கினார். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு கூடுதலாக வெப்பத்தைக் கடத்தும்; ஆகவே குளிர்ந்த நீரில் உடற்சூடு விரைந்து வெளியேறுகிறது. நியோப்ரீனுக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் அந்த இழப்பைக் குறைக்கின்றன. அதே குமிழ்கள் உடலை மேலே தூக்கி மிதக்கவும் வைக்கின்றன. காக்கும் வேலையும் உதவும் வேலையும் ஒரே பொருளில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. கருவி அணிந்த உடல் கடந்த தூரம் யாருடைய சாதனை என்ற மெய்யியல் கேள்விக்கு இந்தக் கலப்பே வேர்.

மிதப்பு தரும் உதவி எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. நீந்துபவரின் இடுப்பும் கால்களும் தாழ்ந்தால் நீரின் எதிர்ப்பு கூடும், வேகம் குறையும். தேர்ந்த நீச்சல்காரர் பல ஆண்டுப் பயிற்சியால் உடலைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார். வெட்சூட் அதே நிலையைப் பயிற்சி குறைந்தவருக்கும் கொடுத்துவிடுகிறது. அதனால் கால் தாழ நீந்துபவருக்கு இதனால் வரும் ஆதாயம் அதிகம். ஏற்கெனவே நேராக மிதப்பவருக்குக் குறைவு. திறமையின் இடத்தை உடை நிரப்புகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இதில் நியாயம் உண்டு.

நெடுந்தொலைவுக் கடல் நீச்சலின் மரபு இந்தக் குற்றச்சாட்டை விதியாகவே ஆக்கியிருக்கிறது. 1875 ஆகஸ்டில் மேத்யூ வெப் டோவரிலிருந்து கலே வரை ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடங்களில் கடந்தார். அந்தக் கால்வாயில் இன்றும் அங்கீகாரம் பெற விரும்புபவர் சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி போன்றவற்றோடு மட்டுமே நீந்த வேண்டும். சூடோ மிதப்போ தரும் உடைக்கு இடமில்லை. கோடையிலும் பெரும்பாலும் 14 முதல் 18 டிகிரி வரையே இருக்கும் அந்த நீரின் குளிரைத் தாங்குவதே இந்த நீச்சலின் பாதி. அதை உடையிடம் ஒப்படைத்தவர் வேறொரு செயலைச் செய்தவராகிறார் என்பது இம்மரபின் வாதம்.

இவ்வாதத்தை, கருவி தீண்டாத இயற்கையான உடல் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையின் மேல் நிறுத்தினால் அது தாங்காது. வெப் தம் உடலில் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டே இறங்கினார். 1926-இல் கால்வாயைக் கடந்த முதல் பெண்ணான கெர்ட்ரூட் எடெர்லி உடலெங்கும் கொழுப்பு பூசி, கண்ணாடி அணிந்து நீந்தினார். 1987-இல் லின் காக்ஸ் வெட்சூட் இல்லாமல் பெரிங் நீரிணையில் லிட்டில் டயோமீட் தீவிலிருந்து பிக் டயோமீட் வரை நீந்தியபோது அவரது தோலுக்கடியில் இருந்த கொழுப்பு குளிரைத் தடுக்கத் துணைசெய்தது. குளிர்நீர் நீச்சலுக்காகவே உடல் எடையைக் கூட்டிக்கொள்வோரும் உண்டு. தோலுக்கு உள்ளே சேர்த்த கொழுப்பு நேர்மையானது, தோலுக்கு வெளியே அணிந்த நியோப்ரீன் மட்டும் போலியானது என்று சொல்ல இயற்கை எந்தக் கோட்டையும் வரைந்து தரவில்லை.

நேரெதிர்த் திசையில் நிற்கும் வாதம், கருவியை உடலிலிருந்து பிரிக்கவே முடியாது என்கிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945-இல் வெளிவந்த புலனுணர்வு பற்றிய தம் நூலில், பார்வையற்றவரின் கைத்தடி அவர் கவனிக்கும் பொருளாக இருப்பதை விட்டு, அவர் உலகை உணரும் உறுப்பாகவே ஆகிவிடுகிறது என்று விளக்கினார். வெட்சூட்டிலேயே பழகியவரும் நீரை அந்த உடையின் வழியாகவே அறிகிறார். அவரது கைவீச்சும் மூச்சும் அதற்கேற்ப அமைகின்றன. இந்த விளக்கம் அனுபவத்துக்கு உண்மையானது. ஆனால் சாதனையை அளக்க இது மட்டும் போதாது. துடுப்புக் காலணியும் பழகினால் உடலின் பகுதியாகிவிடும்; அதை அணிந்தவரையும் அணியாதவரையும் ஒரே பட்டியலில் வைக்க முடியாது. நீச்சல் குளங்களிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. பாலியூரித்தேன் உடைகள் பரவிய 2009-இல் ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் முறிந்தன. 2010 ஜனவரி முதல் நெய்த துணியாலான உடைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. வேகம் உடலிலிருந்து வருகிறதா உடையிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் போனபோது, போட்டி தன் பொருளையே இழப்பதை அந்த விளையாட்டு உணர்ந்துகொண்டது.

இரண்டு வாதங்களும் விட்டுவிடுவதைக் கனடாவில் கற்பித்த மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் எழுதிய நூல் பிடித்துத் தருகிறது. தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் தந்த வரையறை. அக்கரை சேர்வது மட்டுமே நோக்கமானால் படகே போதும். புத்தர் சொன்ன தெப்பத்தின் உவமை அத்தகைய நோக்கத்துக்கே பொருந்தும்: கரையேறுவதற்கே தெப்பம், ஏறிய பின் அதைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. விடுதலையைத் தேடும் பயணத்தில் வழியைவிட முடிவே பெரிது. விளையாட்டிலோ வழிதான் செயலின் உயிர்; எந்த வழியால் கடந்தார் என்பதை நீக்கிவிட்டால் கடந்ததற்கே பொருள் இல்லை. ஆகவே வெட்சூட் உடலுக்கு அந்நியமானதா என்று கேட்பதால் பயன் குறைவு. நீந்துபவர் எந்தத் தடையை ஏற்றுக்கொண்டு நீரில் இறங்கினார் என்பதே உரிய கேள்வி.

கால்வாய் நீச்சலில் குளிரே எதிராளி. ட்ரையத்லானில் அப்படியில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் தாங்குதிறனே அங்கே சோதிக்கப்படுகிறது. குளிர் வெறும் சூழ்நிலை. அதனால் விதிகள் வெப்பநிலையை வைத்து எல்லை வகுக்கின்றன. உலக ட்ரையத்லான் அமைப்பின் 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், நீர் 20 டிகிரியை எட்டினால் முதல்நிலை வீரர்களுக்கும், 22 டிகிரியை எட்டினால் வயதுப் பிரிவினருக்கும் வெட்சூட் தடை செய்யப்படுகிறது. கடுங்குளிரில் அதுவே கட்டாயமாகிறது. உடையின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அயர்ன்மேன் போட்டிகளில் இன்னும் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு: நீர் 24.5 டிகிரிக்கு மேல் 28.8 டிகிரி வரை இருக்கும்போது வெட்சூட் அணிந்து நீந்த இடமளிக்கப்படும், ஆனால் அணிந்தவர் பரிசுக்கு உரியவராக மாட்டார். பங்கேற்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் இங்கே நேர்மையாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன.

குளிரைத் தடையாக ஏற்பதற்கு ஒரு விலை இருப்பதையும் மறக்கலாகாது. வெதுவெதுப்பான பாக்கு நீரிணையில் வெட்சூட் என்ற கேள்வியே எழுவதில்லை. அங்கே 1954-இல் மு. நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். 1971-இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் இரு திசையிலும் நீந்தினார். அதே ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். அறிந்து, ஆயத்தம் செய்து, துணைப்படகோடு ஆபத்தை ஏற்பவரின் தேர்வு மதிக்கத் தக்கது. அந்தத் தேர்வைச் செய்யாதவர் மீது வெற்றுடலின் பெருமையைச் சுமத்துவது கொடுமை. மிகக் குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சுத் திணறி, வலுவான நீச்சல்காரரும் முதல் சில நிமிடங்களில் தடுமாறலாம். அங்கே உடையை மறுப்பதில் அறம் எதுவும் இல்லை.

இந்தத் தெளிவோடு அணுகினால் உடையைத் தேர்வதும் எளிதாகிறது. முதலில் நோக்கம்: கலந்துகொள்ளும் நிகழ்வு எதைச் சோதிக்கிறது, அதன் விதி என்ன என்று அறிய வேண்டும். அடுத்தது நீரின் வெப்பநிலை: கடுங்குளிருக்கு முழுக்கை உடை, மிதமான குளிருக்குக் கையில்லாத உடை, வெதுவெதுப்பான நீருக்கு எதுவும் வேண்டாம்; சூடான நீரில் நியோப்ரீன் உடலை அளவுமீறிச் சூடாக்கிவிடும். மூன்றாவது உடலின் இயல்பு. ட்ரையத்லான் உடைகளில் மார்பும் தொடையும் பெரும்பாலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனிலும், தோள் அசைவதற்காகக் கைப்பகுதி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனிலும் இருக்கும். கால் தாழ்பவருக்குக் கீழ்ப்பகுதியில் கூடுதல் மிதப்பு உதவும். நேராக மிதப்பவருக்கு அதே மிதப்பு காலை நீருக்கு வெளியே தூக்கி உதைப்பை வீணாக்கும். கடைசியாக அளவு: கீழ்முதுகில் நீர் தேங்கக் கூடாது, கழுத்து மூச்சை நெருக்கக் கூடாது, கையை முழுவதும் உயர்த்தும்போது தோளில் இழுப்பு இருக்கக் கூடாது. அலைச்சறுக்குக்கென்று தைத்த உடை நெடுந்தூரக் கைவீச்சுக்குத் தோதாக அமையாது. எந்த உடையானாலும் போட்டிக்கு முன்பே அதை அணிந்து திறந்த நீரில் பழகியிருக்க வேண்டும்.

உடை திறமையை மறைக்கும் இடத்தில், உடையின்றிப் பயிலும் நேரமும் வேண்டும். மிதப்பை உடையிடம் வாங்கிக்கொண்டவர், தம் உடலால் அதைப் பெறக் கற்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை. தவறு உடையை அணிவதில் இல்லை. அணிந்து கடந்ததை அணியாமல் கடந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்தான் இருக்கிறது. இரு வகை நீச்சலுக்கும் தனித்தனிப் பெருமை உண்டு. எதைச் செய்தோம் என்பதை உள்ளபடி சொல்பவருக்கு அந்தப் பெருமை முழுவதும் உரியது.