ஒத்திகையின் எல்லை

2018இல், பாஸ்டன் நகரை ஒட்டிய சாமர்வில்லில், மழலையர் வகுப்பு ஒன்றின் சுவரில் ஒரு பாட்டு ஒட்டப்பட்டிருந்தது. மெட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த ‘ட்விங்கிள் ட்விங்கிள்’. கதவைப் பூட்டு, விளக்கை அணை, மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொள், பேசாதே என்பது அதன் சாரம். துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்தால் என்ன செய்வதென்று ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளி கண்டுபிடித்த வழி அது. படம் இணையத்தில் பரவியபோது பலர் மனம் கலங்கினார்கள். அதைவிட நல்ல வழி என்ன என்று கேட்டிருந்தால் அவர்களில் பலருக்கு விடை தெரிந்திருக்காது.

1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அங்கேயே படித்த இரு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றே மாண்டனர். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். இன்று கதவைப் பூட்டி ஒளிந்திருக்கப் பழக்கும் கதவடைப்பு ஒத்திகை அமெரிக்கப் பள்ளிகளின் வழக்கம். நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஆண்டுக்கு 4 முறை நடத்தியாக வேண்டும். குழந்தையைக் காப்பாற்றும் பொருட்டு அதை எவ்வளவு பயமுறுத்தலாம் என்பதே இங்கே எழும் அறக்கேள்வி.

ஆயத்தம் வேண்டும் என்போர் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. இத்தகைய தாக்குதல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. போலீஸ் வந்து சேருமுன் வகுப்பறையில் இருப்பவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். சாண்டி ஹுக்கில் ஆசிரியைகள் குழந்தைகளைக் கழிப்பறையிலும் அலமாரியிலும் அடைத்து, சத்தம் வராமல் பார்த்துக்கொண்டதால் பல உயிர்கள் மிஞ்சின. அந்தப் படுகொலையை ஆராய்ந்த ஆணையம் வகுப்பறைக் கதவுகளை உள்ளிருந்தே பூட்டும் வசதியைத் தன் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்றாக வைத்தது. அந்தப் பூட்டைப் பதற்றத்திலும் கை தானாகத் தேட வேண்டுமானால் பழக்கம் வேண்டும். பழக்காமல் விடுவது பெரியவர்களின் குற்றம்.

ஆனால் பழக்குவது வேறு, மிரட்டுவது வேறு. 2019இல் இந்தியானா மாநிலத்தில் பயிற்சி என்ற பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை நான்கு நான்கு பேராக ஓர் அறைக்கு அழைத்துச் சென்று, குனிந்து உட்காரச் சொல்லி, பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் இதுதான் கதி என்பது பாடம். வெளியே காத்திருந்தவர்களுக்கு அலறல் கேட்டது. உள்ளே போய் வந்தவர்கள் அவர்களிடம் வாய் திறக்கக் கூடாதென்று கட்டளை. உடம்பில் தழும்போடும் ரத்தக் காயத்தோடும் திரும்பியவர்களின் சார்பில் ஆசிரியர் சங்கம் மாநிலச் சட்டமன்றத்தில் முறையிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில் ஃபுளோரிடாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி, ஒத்திகை என்று சொல்லாமலே எச்சரிக்கை விடுத்தது. மாணவர்கள் பெற்றோருக்கு விடைபெறும் செய்தி அனுப்பினார்கள்.

உண்மைபோல் இருந்தால்தான் மனதில் பதியும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். தீ ஒத்திகைக்காக யாரும் வகுப்பறையைக் கொளுத்துவதில்லை; ஆனாலும் பிள்ளைகள் வரிசையாக வெளியேறக் கற்கிறார்கள். ஆசிரியராவது மறுத்துப் பார்க்கலாம். பள்ளிக்கு வந்தே தீரவேண்டிய பிள்ளைக்கு மறுக்கும் உரிமைகூட இல்லை. அமெரிக்காவில் கொல்லப்படும் சிறுவர்களில் பள்ளியில் கொல்லப்படுவோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஒத்திகையின் பயமோ ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் தொடுகிறது. அரிதாக வரும் ஆபத்துக்காக எல்லோரிடமும் வசூலிக்கும் விலை சிறியதாக இருக்க வேண்டும். அதில் ஏமாற்று இருக்கவே கூடாது.

சுடுபவனை எதிர்த்துத் தாக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இன்னும் சிக்கலானது. 2019இல் கொலராடோவில் 18 வயது மாணவர் ஒருவர் துப்பாக்கி ஏந்தியவன்மேல் பாய்ந்து, தன் உயிரைக் கொடுத்து வகுப்பைக் காத்தார். அந்தத் தியாகம் வணங்கத்தக்கது. ஆனால் தியாகத்தைக் கடமையாக்கிப் பாடம் நடத்தினால், ஒளிந்து பிழைத்த பிள்ளை ஆயுள் முழுக்கக் குற்றவுணர்வைச் சுமக்கும். 2022 மே மாதம் டெக்சஸின் உவால்டி நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தபோது, வகுப்பறைக்குள் இருந்தபடியே குழந்தைகள் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார்கள். வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். கொலையாளியை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஆயுதமும் பயிற்சியும் பெற்றவர்களே தயங்கிய இடத்தில் பத்து வயதுக் குழந்தையிடம் வீரம் கேட்பது நியாயமில்லை.

சுடுபவன் பெரும்பாலும் அந்தப் பள்ளியின் மாணவனோ முன்னாள் மாணவனோதான் என்பதையும் மறக்கக் கூடாது. அவனும் அதே ஒத்திகையில் ஒளிந்திருந்தவனாக இருக்கலாம். அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவின் ஆய்வுகளின்படி, இத்தகையவர்களில் பலர் முன்கூட்டியே யாரிடமாவது தம் எண்ணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கி பெரும்பாலும் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. 2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுச் சிறுவன் நான்கு மாணவர்களைக் கொன்றான். துப்பாக்கியை வாங்கிக் கொடுத்திருந்தவர் அவன் தந்தை. 2024இல் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணைகளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

ஆகவே ஆசிரியருக்கும் ஊழியருக்கும் முழுப் பயிற்சி வேண்டும், அவர்களையும் காயப்படுத்தாமல். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி, வயதுக்கேற்ற அளவில், போலி ரத்தமும் வெடிச்சத்தமும் இல்லாமல் பழக்கினால் போதும். நியூயார்க் மாநிலம் 2024இல் இந்தத் திசையில்தான் தன் விதிகளைத் திருத்தியது. ஓசையின்றி உட்காரக் கற்றதோடு குழந்தையின் பங்கு முடிந்தது. கதவுக்குப் பூட்டு, வீட்டுத் துப்பாக்கிக்குப் பூட்டு, தடுமாறும் பிள்ளையின் பேச்சுக்குக் காது எல்லாம் பெரியவர்கள் பாக்கி. ஒத்திகையைக் காட்டி அந்தப் பாக்கியைத் தள்ளிப்போடும் சமூகம், தன் பொறுப்பைக் குழந்தையின் தலையில் கட்டுகிறது.