இழப்பில்லா நினைவின் விலை

ஓலையைச் செல் அரிக்கிறது. கல்லெழுத்தை மழை தேய்க்கிறது. இழப்பென்பதே இல்லாமல் ஒன்றைக் காத்து வைத்தல் மனிதனுக்கு இயலுமா?

இயலும் என்று நம்பத் தூண்டும் பொருள்கள் சில உண்டு. 1911-ம் ஆண்டில், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில், கமர்லிங் ஓன்னஸ் என்னும் பேராசிரியர் பாதரசத்தை நீர் உறையும் நிலைக்குக் கீழே 269 டிகிரி செண்டிகிரேடு வரை குளிர்வித்தார். அப்பொழுது அதில் மின்சாரத்துக்கு இருந்த தடை அறவே மறைந்தது. இவ்வியல்புடைய பொருள்களை மீக்கடத்திகள் என்பர். மீக்கடத்தி வளையத்தில் ஒருமுறை எழுப்பிய மின்னோட்டம் குன்றாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும். வலமாகச் சுற்றினால் 1, இடமாகச் சுற்றினால் 0 என்று கொண்டால், அவ்வளையமே கணினியின் நினைவுக் கலமாகிவிடும். 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி டட்லி பக், கிரையோட்ரான் என்னும் கருவியை விளக்கி எழுதி, மீக்கடத்திகளால் கணினி உறுப்புகள் செய்யும் வழியைக் காட்டினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். வளையத்துக்குள் இழப்பில்லை என்பது மெய்யே. ஆனால் அக்குளிரைக் காப்பது எது? உள்ளே புகும் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, இயற்கை விதிப்படியே ஏறக்குறைய 70 வாட் சக்தி வேண்டும். நடைமுறையில் அதனினும் பன்மடங்கு செலவாகும். குளிர்க்கருவி நின்றுபோனால் வெப்பம் ஏறும், தடை திரும்பும், நினைவு அழியும். இத்துணைக் குளிர் வேண்டாத மீக்கடத்திகள் 1986 முதல் கண்டறியப்பட்டன. எனினும், 1987-ல் கிடைத்த புகழ்பெற்ற வகைக்கும் திரவ நைட்ரஜனின் குளிர் தேவைப்பட்டது.

ஆகவே இழப்பு ஒழியவில்லை. வளையத்தை விட்டுக் குளிர்க்கருவிக்கு இடம் மாறிற்று. பெரிய கணினிகளில் இம்முறை மொத்தத்தில் சிக்கனமாகலாம் என்பாருளர். ஆகட்டும், கணக்கை முழுதும் காட்டிய பின் அவ்வாறு சொல்லட்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த ஏட்டை எந்த நேர்மையாளன் ஒப்புவான்?

இது கருவிக்கு மட்டும் உரிய நீதியன்று. தடையின்றி நடப்பதாக நாம் வியக்கும் செயல்களின் பின்னே பலருடைய உழைப்பு மறைந்து கிடக்கிறது. அணையா விளக்கைப் புகழ்வோர் எண்ணெய் வார்க்கும் கையை மறந்துவிடுகின்றனர். ஒன்றை என்றென்றும் காப்போம் என உறுதி கூறுபவர், அக்காவலைச் செய்பவர் யார், அவருக்குரிய கூலியைக் கொடுப்பவர் யார் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அதைக் கேட்பது நன்றி கெட்ட செயலாகாது, பகுத்தறிவுடையோர் கடமையேயாகும்.