கழிவும் பக்குவமும்

தேசங்களின் நட்பு என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் குறளின் வைப்புமுறை எனக்கு நினைவுக்கு வருகிறது. நட்பு என்ற அதிகாரமும் ஒற்றாடல் என்ற அதிகாரமும் பொருட்பாலில்தான் இருக்கின்றன. அறத்துப்பாலில் இரண்டுக்குமே இடமில்லை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

கணினித் தாக்குதல்களைச் சமாளிக்கும் தேசிய முகமைகள் இன்று ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்தியாவின் செர்ட்-இன் 2004லிருந்து இயங்குகிறது. ஆசிய பசிபிக் முகமைகளின் கூட்டமைப்பிலும் அது உறுப்பினர். பேச்சு என்பது பெரும்பாலும் அடையாளங்களின் பரிமாற்றம்: தீங்கு எந்த முகவரியிலிருந்து வந்தது, எந்தக் கோப்பை விட்டுச் சென்றது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிறம் உண்டு. சிவப்பு என்றால் கேட்டவர் அடுத்தவரிடம் சொல்லலாகாது. (ஆபத்து தெரிந்தும் பக்கத்து மேஜைக்காரனிடம் வாய் திறக்க முடியாத மனிதன். காஃப்காவுக்குக் கிடைக்காத பாத்திரம்.)

இந்த ஒத்துழைப்பின் தன்மையை விளங்கிக்கொள்ள நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் வேலை பார்ப்பது ஆம்பூரில், ஒரு வங்கிக் கிளையில். இங்கே தோல் ஷாப்காரர்கள் தங்கள் பக்குவத்தை ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. எவ்வளவு குரோம், எந்த எண்ணெய், டிரம் எத்தனை மணி நேரம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த ஷாப்பின் ரகசியம். கழிவுநீரை மட்டும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அதுவும் பரஸ்பர அன்பினால் நேர்ந்த காரியமில்லை. பாலாறு பாழானதன் பேரில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடர்ந்து, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் சொல்ல நேர்ந்தது.

முகமைகள் பகிர்ந்துகொள்வதும் கழிவைத்தான். பக்குவம் வேறு அறையில் இருக்கிறது.

அந்த அறையின் கதவு 2017ல் கொஞ்சம் திறந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, வெளியில் சொல்லாமல், உளவுக்கு ஆயுதமாக்கி வைத்திருந்தது. ஆயுதம் திருடு போயிற்று. மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது. ஏப்ரலில் திருட்டுப் பொருள் பகிரங்கமாயிற்று. மே மாதம் வான்னாக்ரை வந்தது. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் ரத்தாயின. இங்கே பக்கத்து ஆந்திரத்தில் போலீஸ் கணினிகள் பூட்டிக்கொண்டன. பிறகு முகமைகளெல்லாம் ராப்பகலாக ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்பின. அந்த உதவி பொய்யில்லை. அதே ஆண்டு நவம்பரில், எந்த ஓட்டையை வெளியிடுவது, எதைத் தனக்கென்று வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் முறையை அமெரிக்க அரசு பிரசுரித்தது. மனசாட்சிக்கு ஒரு கமிட்டி!

காண்ட் 1795ல் நிரந்தர சமாதானம் பற்றி எழுதியபோது, பின்னால் வரும் சமாதானத்தில் நம்பிக்கையையே அசாத்தியமாக்கும் செயல்களை யுத்தத்தில்கூடச் செய்யலாகாது என்றார். ஒற்றாடலையும் அதில் சேர்த்தார். அந்தப் பழக்கம் யுத்தத்தோடு நிற்காது, சமாதானத்துக்குள்ளும் வந்துவிடும் என்பது அவர் வாதம். வள்ளுவருக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. 2015ல் ஐ.நா. நிபுணர் குழு ஒரு நெறி வகுத்தது: பிற நாட்டின் அவசர உதவி முகமையைத் தாக்காதே; உன் முகமையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தாதே. நல்ல நெறிதான். ஆனால் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத நெறி. பாலாற்றுக்கு ஒரு நீதிமன்றமாவது இருந்தது.

கழிவைப் பகிர்ந்தால் போதாதா, ஆறு பிழைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலிப் பட்டுவாடாக்கள் போயின, துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்குமாக ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்ப் பணம் வழியிலேயே நின்றது. துருக்கிப் பணத்தை அங்குள்ள வங்கி முடக்கியது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலரை யாரோ பெற்றுக்கொண்டுவிட்டார்கள். எங்கோ ஒரு குமாஸ்தாவோ யந்திரமோ சந்தேகப்பட்டு நிறுத்தியதன் மதிப்பு என்னைப் போன்றவனுக்குத் தெரியும். இங்கே ஒரு பாய் இத்தாலிய யந்திரத்துக்கு அனுப்பிய முன்பணம், நடுவில் யாரோ திருத்திய மின்னஞ்சலால் வேறொரு நாட்டுக் கணக்குக்குப் போயிற்று. திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய செய்திக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது: கணக்கில் பாக்கி இல்லை. “அங்க போலீஸ் இல்லீங்களா சார்?” என்றார் பாய். போலீஸ் இருக்கிறது. இந்தப் போலீஸ் அந்தப் போலீஸோடு பேசுவதற்கான காகிதம் பணத்தைவிட மெதுவாகப் போகிறது.

ஆகவே கழிவைப் பகிர்வதை நான் இளக்காரம் செய்யவில்லை. அதற்கு நட்பு என்று பெயரிடுவதைத்தான் மறுக்கிறேன். என்னை உறுத்துவது முகமையின் மேஜையில் உட்கார்ந்து அந்நிய தேசத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் மனிதனின் நிலை. அவன் எதையும் மறைப்பதில்லை. தன் அரசின் இன்னொரு அறை மறைக்கிறது என்று ஊகமாக அவனுக்குத் தெரியும், கேட்பதில்லை. கேட்காமலிருப்பதால்தான் நாளைக்கும் அவனால் எச்சரிக்கை அனுப்ப முடிகிறது. அவன் செய்யும் நல்ல காரியம் முழுவதும் இந்தக் கேளாமையின் மேல் நிற்கிறது. ஸார்த்தரைப் படித்தவர்கள் இது சுயவஞ்சனை என்று உடனே சொல்லிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு வேகமில்லை. அவன் கதவைத் தட்டிக் கேட்டு வேலையை இழந்தால், எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக்கு அன்றிரவு தகவல் போகாது. அதற்காக அவன் கேட்காமலே இருந்துவிடலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.