இல்லத்தின் ஐந்தொகை

ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பது வணிகர்களாகிய நமக்குப் பழகிப்போன வேலை. இருப்புச் சரக்கு எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்கவேண்டிய கடன் எவ்வளவு, மேசை நாற்காலிக்குத் தேய்மானம் எவ்வளவு என்று ஒரு காசும் விடாமல் எழுதுகிறோம். கடையில் ஒரு மின்விளக்கை மாற்றினாலும் அதற்கொரு சீட்டு உண்டு. ஆனால் அக்கடையை அடைத்துவிட்டு நாம் போய்ச் சேருகின்ற வீட்டிற்கு ஐந்தொகை எழுதிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? எழுதினால், யாருடைய பெயரில் எவ்வளவு வரவு வைக்க நேரிடும்? இக்கேள்வியைச் சற்று நின்று சிந்திப்பது நமக்கு நலம் தரும் என்று கருதுகிறோம்.

நாம் நன்கறிந்த வணிகர் ஒருவர் இருக்கிறார். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பகுதியில் துணிக்கடை. மூன்று பிள்ளைகள். வயது முதிர்ந்த தாயாரும் அவருடன்தான் இருந்தார்கள். கடையின் முகப்பை அழகு செய்வதில் அவருக்கு நிகர் அவரே. எந்தப் பட்டை எந்த விளக்கின்கீழ் தொங்கவிட வேண்டும், எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் நிற்க வேண்டும் என்பதற்காக அரை நாள் செலவிடுவார். கண்ணாடிப் பெட்டிகளுக்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பார். "கண்ணுக்குப் பிடித்தால்தான் கை பைக்குள் போகும்" என்பது அவர் வாக்கு. அவர் செய்ததை ஆடம்பரம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வியாபாரம் என்றே எல்லோரும் சொன்னோம்.

அவருடைய இல்லத்தரசியார், வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைத்த ஒரு மணி நேரத்தில் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தைக்குப் போனார். 2017 ஜூலை 10-ஆம் நாள் மூடப்பட்ட அச்சந்தை, அப்போது திறந்திருந்தது. அங்கிருந்து பூப்போட்ட பழைய எனாமல் டிபன் கேரியர் ஒன்றை வாங்கி வந்தார். மூன்று அடுக்கு, ஓரத்தில் பூச்சு உதிர்ந்தது.

"என்ன விலை?" என்றார் நம் நண்பர்.

"பதினைந்து வெள்ளி."

"ஒடுக்கு விழுந்த இதற்கா பதினைந்து வெள்ளி? இந்தப் பணத்துக்குப் புதிதே கிடைக்குமே! வீட்டில் பாத்திரமா இல்லை?"

அம்மையார் மறுமொழி சொல்லவில்லை. அதைத் தேய்த்துக் கழுவி, அடுப்பங்கரையில் கைக்கெட்டும் தட்டில் வைத்துவிட்டார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

சில மாதங்கள் சென்றபின் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை வேண்டியதாயிற்று. பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். நண்பர் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டைத் தாமே பார்த்துக்கொண்டார். கடை தடையின்றி ஓடியது. விலைச்சீட்டு இருந்தது, பற்று வரவு ஏடு இருந்தது, எது எங்கே என்று எழுதி வைத்திருந்தது. வீடுதான் ஓடவில்லை. ஏழரை மணிக்குள் பள்ளிக்கூடம் சேரவேண்டிய பிள்ளைகள் முதல் நாளே தாமதமாயினர். சீருடையை முந்தைய நாளே துவைத்து மூங்கில் கழியில் உலர்த்த வேண்டும் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. எல்லாவற்றிலும் பெருந்துயரம், தாயார் உணவு கொள்ள மறுத்ததுதான். நினைவு மங்கிய அந்த அம்மையார், தட்டில் வைத்த சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். இரண்டு நாட்கள் தேநீரும் ரொட்டித் துண்டுமே அவர்கள் உணவு.

மூன்றாம் நாள் பத்து வயது மகள் சொன்னாள்: "அத்தா, அந்தப் பூப்போட்ட கேரியரில் வைத்துக் கொண்டுபோங்கள். அம்மா அதில்தான் கொடுப்பார்கள்."

அவ்வாறே செய்தார். தாயார் கேரியரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தம் கையாலேயே கொக்கியைத் தளர்த்தி, அடுக்கடுக்காக எடுத்து வைத்தார்கள். பிறகு, "அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்கள். "சாப்பிட்டார்" என்றார் மகன். அதன் பின்னரே உண்டார்கள்.

அந்த 'அவர்' காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தஞ்சோங் பகாரில் சிறு கடை வைத்திருந்த அவருக்கு, நாள்தோறும் நண்பகலில் அதே மாதிரிப் பூப்போட்ட கேரியரில் சோறு கொண்டுபோனவர் அத்தாயார். மாமியின் வாயிலிருந்து எப்போதோ விழுந்த சொல்லை மருமகள் மறக்கவில்லை. சந்தையில் அப்பொருளைக் கண்டதும் அது எதற்கு உதவும் என்று அறிந்துகொண்டார். இதை நம்மிடம் கூறியபோது நண்பரின் குரல் தழுதழுத்தது. "நான் விலையைக் கேட்டேன், காரணத்தைக் கேட்கவில்லையே" என்றார்.

அதன்பின் அவர் தம் வீட்டையே புதிய வீடுபோலப் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளின் பைகளை மாட்டும் ஆணிகள் மூன்று வெவ்வேறு உயரத்தில் அடிக்கப்பட்டிருந்தன. அவரவர் கை எட்டும் உயரம் அது. தாயார் இரவில் எழுந்து நடக்கும் வழியில் முக்காலி ஒன்றும் இல்லை. சிறு விளக்கு ஒன்று மட்டும் இருந்தது. கூடத்துச் சுவரில், பல காலம் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்த பத்தமடைப் பாய் தொங்கியது. தாமிரபரணிக் கரைக் கோரையில், நம் பெண்களின் விரல்கள் நெய்யும் பாய் அது. மணமக்கள் பெயரை அதில் நெய்து தருவது அவ்வூர்க் கைத்திறன். இளைய மகன் தமிழில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தப் பாயிலிருந்த தன் அத்தா, அம்மா பெயர்களைத்தான் என்பதும் அப்போதே அவருக்குத் தெரிந்தது. அலங்காரம் என்று அவர் நினைத்திருந்தவை யாவும், அந்த வீட்டில் யார் யார் வாழ்கிறார்கள் என்பதை ஒருத்தி கூர்ந்து அறிந்து வைத்திருந்ததன் அடையாளங்கள்.

நிற்க. நண்பர் வணிகர் அல்லவா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். சமையலுக்கு ஆள் வைத்தால் இவ்வளவு, துணி துவைக்க இவ்வளவு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இவ்வளவு, முதியவரைக் கவனிக்க இவ்வளவு என்று எழுதினார். அவருடைய கடைச் சிப்பந்திகள் இருவரின் சம்பளத்தையும் அத்தொகை தாண்டிற்று. ஆனால் கேரியருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதினைந்து வெள்ளி என்று செலவில் எழுதலாம். தாயார் உண்டதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

இத்தடுமாற்றம் நம் நண்பருக்கு மட்டும் உரியதன்று. நாடுகளின் கணக்கே இவ்விடத்தில்தான் தடுமாறுகின்றது. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகு, 1920-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வேடிக்கையைச் சுட்டிக் காட்டினார். சம்பளத்திற்கு வைத்த வீட்டுப் பணிப்பெண்ணை ஒருவர் மணந்துகொண்டால், வேலை அப்படியே நடந்தாலும், நாட்டின் வருமானக் கணக்கு குறைந்துவிடுகிறது! 1934-இல் அமெரிக்க நாட்டின் வருமானத்தைக் கணக்கிட்டுத் தந்த சைமன் குஸ்நெட்ஸ், இல்லத்தரசிகளின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டார். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையோ, ஊதியமில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுவதாகக் கூறிற்று. உலகில் நடக்கும் அத்தகைய வேலையில் முக்கால் பங்கிற்கும் மேல் பெண்களின் தோள்மீது இருக்கிறதாம். இவ்வளவு பெரிய சரக்கு, எந்தக் கிடங்கின் இருப்பேட்டிலும் ஏறாமல் கிடக்கிறது!

நம் சமூகத்தவர் இதைக் காணத் தவறியதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. நம் முன்னோருள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறிய சபராளிகள். கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு வீடு என்பது ஊரிலிருந்து வரும் கடிதம். ஊருக்கு அனுப்பும் பணம். பின்னர் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மனைவி மக்களோடு வேரூன்றின. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியதன் பின்னர், அடுக்குமாடி வீடுகள் நம்மில் பெரும்பாலோருக்கு நிலையான இல்லங்களாயின. வீடு மாறிற்று, நம் கண் மாறவில்லை. பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்தது என்ற சபராளியின் எண்ணம், ஒரே கூரையின்கீழ் வாழும்போதும் நம்மை விட்டு அகலவில்லை.

"அப்படியானால் வீட்டில் வாங்குவதெல்லாம் நியாயமா? தவணைக்கு எடுத்துப் பெருநாளுக்குப் புதுச் சோபா போடுவதையும் போற்ற வேண்டுமா?" என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது சரியே. விருந்தினர் பார்ப்பதற்கென்றே கண்ணாடி அலமாரியில் அடைத்து வைத்து, வீட்டாருக்கு ஒருநாளும் தேநீர் தராத கோப்பைகளை நாமும் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் உட்காரக் கூடாத நாற்காலிகளையும் கண்டிருக்கிறோம். இவற்றுக்கும் அந்தக் கேரியருக்கும் உள்ள வேற்றுமை விலையில் இல்லை. ஒரு பொருள் வாழ்பவருக்கு உதவுகிறதா, பார்ப்பவருக்கு உதவுகிறதா என்பதே உரைகல். பார்ப்பவருக்கென வைத்தது, ஐந்து வெள்ளியானாலும் ஆடம்பரம். வாழ்பவருக்கென வைத்தது, கண்ணுக்கு அழகாக மட்டும் இருந்தாலும் தேவை. நாள் முழுதும் அந்நான்கு சுவர்களுக்குள் உழைப்பவளின் கண்ணும் வாழ்கின்ற கண் தானே? சன்னலில் அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு பாத்திக் திரை ஆடுவதற்கு, அவள் மகிழ்ச்சியைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

வேறொரு தவற்றையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தாய்மையைப் புகழ்வது எளிது. "வீட்டின் விளக்கு" என்றும் "குடும்பத்தின் அரசி" என்றும் மேடையில் பேசிவிட்டு, உண்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறோம். புகழ்ச்சியைக் கூலியாகக் கொடுத்தால், நம் கடைச் சிப்பந்தி ஒரு மாதமாவது நிற்பானா? அம்மையார் நோயுற்றபின்தான் அந்த வீட்டின் பேரேடு அவர் நெஞ்சுக்குள் மட்டுமே இருந்தது என்று நம் நண்பர் கண்டார். ஒருவர் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் சூட்டுவது நீதியாகாது. எந்தக் கடையிலும் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கை நாம் அனுமதிப்பதில்லை. வீட்டில் மட்டும் அதை அனுமதிப்பதேன்?

ஆகவே நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. காலையில் பிள்ளைகளைப் புறப்படச் செய்யும் அரை மணி நேரத்தை நாம் ஏற்கலாம். வீட்டில் எது எங்கே இருக்கிறது, யாருக்கு எந்த மருந்து எப்போது என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். மாதந்தோறும் ஒரு தொகையைக் கணக்குக் கேட்காமல் அவர்கள் கையில் கொடுக்கலாம். வாரத்தில் ஓர் அரை நாளையேனும் அவர்களுக்கே உரியதாக விடலாம். அந்த ஓய்வில்தான் சந்தையின் குப்பையிலும் ஒரு நல்ல பொருள் கண்ணில் படும்.

நண்பரின் இல்லத்தரசியார் நலம்பெற்று வீடு திரும்பினார். தாயார் அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கடைசி வரை அந்தக் கேரியரில்தான் உண்டார்கள். இப்போது அது காலியாக அதே தட்டில் இருக்கிறது. இன்றும் அம்மையார் எங்கிருந்தாவது ஏதேனும் ஒரு பொருளோடு வருவதுண்டு. நண்பர் விலை கேட்பதில்லையா என்றால், கேட்கத்தான் செய்கிறார்; வணிகரின் நாக்கு அல்லவா! ஆனால் அதற்குமுன், "இது யாருக்கு?" என்று கேட்கிறார்.

அன்பர்களே, இன்றிரவு கல்லாவைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போது, ஒரு கணம் வாயிலிலேயே நின்று சுற்றிப் பாருங்கள். அங்கிருக்கும் ஒவ்வொரு பொருளும் ஏன் அங்கிருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கேட்டு அறிவோம். நம் இல்லத்தின் ஐந்தொகையில் முதல் வரி அங்கேதான் எழுதப்பட வேண்டும்.