பூசையற்ற கருவறை

விடுமுறையில் மாமல்லபுரத்துக்கு வரும் குடும்பங்கள், அலையில் கால் நனைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிப் பார்க்கையில், இறைமை கல்லில் உறைகிறதா, வழிபாட்டில் உறைகிறதா என்னும் பழைய வினாவின் முன் தம்மையறியாமலே நிற்கின்றன. ஆகம மரபில் சிலை தெய்வமாவது பிரதிஷ்டையால், அதாவது மந்திரமும் நீராட்டும் கொண்டு இறைவனை அதில் எழுந்தருளச் செய்யும் சடங்கால். அவ்வாறாயின், வேலை முடியாமலே நின்றுவிட்ட ரதத் தொகுதி வெறும் சிற்பக்கூடமே. ஆயினும் திரௌபதி ரதத்தின் உட்சுவரில், நின்ற கோலத்துக் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டுத் தன் தலையையே அரிந்து படைக்க முனையும் வீரனைக் காண்பவர், அதைச் செதுக்கிய கை வழிபடவில்லை என்று சொல்லத் துணியமாட்டார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், இரு சிவன் கருவறைகளுக்கு நடுவே, பாறையிலேயே வடித்த திருமால் உப்புக்காற்றில் தேய்ந்து பள்ளிகொண்டிருக்கிறார். இன்று அங்கே பூசை இல்லை. ஊருக்குள், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயிலில் வழிபாடு தொடர்கிறது. பின்னதே கோயில் என்பது எளிய விடை. ஆனால் உள்ளத்தையே கோயிலாகக் கண்ட திருமூலரின் வழிநின்று நோக்கினால், அனுமதிச்சீட்டோடு நுழைந்த சிறுமியொருத்தி முன்னதில் கைகூப்புவதைச் சுற்றுலாவின் ஒரு பகுதியென்று தள்ளிவிடுவது நியாயமாகாது.